எந்த நாட்டு ரேஸ் டிராக் ஒசத்தி? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மலேசியாவின் செப்பாங் நல்லதா, நம்ம கிரேட்டர் நொய்டா புத்தா டிராக் நல்லதா?" என்று கேட்டதும் யாராவது சட்டென்று பதில் சொன்னால் நம்ப வேண்டாம். எந்த வண்டிக்கு, எந்த லேஅவுட்டில் (தடத்தின் எந்த வடிவத்தில்), எந்த வருடத்துத் தாரில் என்ற மூன்றும் கேள்வியிலேயே இல்லை. அவை தெரியாமல் சொல்லும் பதில் தேசப்பற்றாக இருக்கலாம், டிராக்கைப் பற்றியதாக இருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செப்பாங் (1999), பஹ்ரைன் (2004), ஷாங்காய் (2004), இஸ்தான்புல் (2005), தென்கொரியாவின் யோங்காம் (2010), புத்தா (2011), டெக்சஸில் உள்ள ஆஸ்டின் (2012) எல்லாவற்றின் வடிவமைப்பிலும் ஜெர்மனிக்காரர் ஹெர்மன் டில்கேயின் நிறுவனத்துக்குக் கை உண்டு. பஹ்ரைனில் தாரோடு கலந்த ஜல்லிகூட உள்ளூர்க் கல் இல்லை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பேய்ஸ்டன் ஹில் என்ற குவாரியிலிருந்து கப்பலில் போன கிரேவாக்கி கல் அது. வரைபடம் ஜெர்மனி, கல் இங்கிலாந்து என்றான பிறகு அந்த நாட்டுக்குச் சொந்தமாக மிஞ்சுவது அடிமண், மழை, பராமரிப்பு, டிராக் ஓரம் நிற்கும் ஆட்கள். ஒப்பீடு தேட வேண்டியது அங்கேதான். பெரும்பாலோர் தேடுவது வேறு இடங்களில்.

சான்றுத் தரத்தை மார்க் ஷீட்டாகப் படிப்பது

கார் பந்தயத் தடங்களுக்கு எஃப்.ஐ.ஏ. என்ற உலகக் கார் பந்தய அமைப்பு முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வகையாகச் சான்று கொடுக்கிறது. முதல் தரம் என்றால் முதல் ரேங்க், இரண்டாம் தரம் என்றால் கொஞ்சம் மட்டம் என்று படித்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, எவ்வளவு வேகமான வண்டியை அங்கே பந்தயத்தில் விடலாம் என்பதை மட்டும். ஒரு குதிரைத்திறனுக்கு 1 கிலோவுக்கும் குறைவான எடை உள்ள வண்டிகளுக்கு முதல் தரச் சான்று தேவை. 1 முதல் 2 கிலோ வரை என்றால் இரண்டாம் தரம் போதும். ஃபார்முலா 1 கார் ஏறக்குறைய 800 கிலோ, கிட்டத்தட்ட 1000 குதிரைத்திறன். அதனால் அதற்கு முதல் தரம் கட்டாயம்.

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கி.மீ. சென்னைத் தடத்தை "இரண்டாம் தரம்தானே" என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. அங்கே ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய தடுப்பும் ரன்-ஆஃப் இடமும் (தடத்தை விட்டு விலகும் வண்டி வேகம் குறைய விடும் காலியிடம்) இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃபே 20.832 கி.மீ. நீளம். இன்றைய வழிகாட்டுதலில் புதிய தடத்துக்கான உச்ச வரம்பு 7 கி.மீ. முதல் தரச் சான்று நார்ட்ஷ்லைஃபேக்குக் கிடையாது. அதை மட்டமான டிராக் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சான்றுக்குக் காலாவதியும் உண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஒரு காலத்தில் ஃபார்முலா 1 நடந்ததால் இன்றும் முதல் தரம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. எஃப்.ஐ.ஏ. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் தடத்தின் பெயரோடு லேஅவுட்டையும் அதன் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். பஹ்ரைனில் வழக்கமான தடம் 5.412 கி.மீ., 2010-இல் ஓடியது 6.299 கி.மீ., 2020-இல் ஒரு பந்தயம் மட்டும் நடந்த வெளிவட்டம் 3.543 கி.மீ. பெயர் ஒன்று, தடம் மூன்று. பிரான்சின் பால் ரிக்கார்டில் 160-க்கும் மேற்பட்ட லேஅவுட் போடலாம். லேஅவுட்டைச் சொல்லாமல் எழுதிய ஒப்பீட்டை அங்கேயே மூடிவிடலாம்.

காருக்கும் பைக்குக்கும் ஒரே தராசு

பைக் பந்தயத்துக்குச் சான்று தருவது எஃப்.ஐ.எம். என்ற வேறு அமைப்பு. விழும் ஓட்டுநர் உடம்போடு சறுக்கிக்கொண்டு போவார் என்பதால், சுவர் தூரத்தில் இருக்க வேண்டும், நடுவே சரளைக்கல் வேண்டும், தேவையான இடத்தில் காற்று நிரப்பிய தடுப்பு வேண்டும். காருக்கு வேண்டியது வேறு. வழுக்கிப் போகும் கார் தார் போட்ட ரன்-ஆஃபில் பிரேக் பிடித்துத் திரும்பிவிடும். அதே கார் சரளையில் பக்கவாட்டாக இறங்கினால் உருளவும் வாய்ப்புண்டு. மொனாக்கோ ஃபார்முலா 1-இன் கிரீடம். அங்கே மோட்டோஜிபி என்ற உச்சகட்ட பைக் பந்தயத்தின் பைக்கை இறக்க யாரும் துணிய மாட்டார்கள்.

வளைவுகளின் ஓரத்தில் பதிக்கும் கெர்புகளும் அப்படித்தான். 2023-இல் கத்தாரின் லுசைலில் 50 மி.மீ. உயரமுள்ள பிரமிட் வடிவக் கெர்புகள்மேல் கார்கள் அதிவேகத்தில் தொடர்ந்து ஏறி ஓடியதில், டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் பிரியத் தொடங்கியது. 57 லேப் பந்தயத்தில் ஒரு செட் டயர் 18 லேப்புக்கு மேல் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தக் கெர்பைப் படத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் டயர் அதன்மேல் ஓடுகிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

லேப் டைமை வைத்துத் தீர்ப்பு

வேகமான லேப் நல்ல தாரைக் காட்டும் என்று நினைப்பது சுலபம். மெக்சிகோ சிட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மொனாக்கோவுக்கு மாட்டும் பெரிய இறக்கையை மாட்டினாலும் சின்ன இறக்கையோடு ஓடும் இத்தாலியின் மோன்சா அளவுக்குத்தான் கீழ்நோக்கிய அழுத்தம் கிடைக்கும். கார் வளைவில் வழுக்கினால் அங்கே குற்றவாளி தார் இல்லை, காற்று.

லேப் டைமை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே வகை வண்டி, ஒரே டயர், காய்ந்த தடம், ஒரே மாதிரி அமர்வு என்று நான்கையும் பொருத்துங்கள். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சிக்கும் தகுதிச்சுற்றுக்கும் நடுவே நேரம் எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள். வருடத்தில் சில நாட்களே பயன்படும் தடத்தில் தூசு படிந்து கிடக்கும். ரப்பர் ஏற ஏறத்தான் பிடிப்பு வரும், நேரமும் மளமளவென்று இறங்கும். அந்த இறக்கம் சொல்வது, தடம் எவ்வளவு அடிக்கடி ஓடப்படுகிறது என்பதை. கட்டியவரின் திறமையை அதில் தேட வேண்டாம்.

புதுத் தார் என்றால் நல்ல தார்

இதில் ஏமாறாதவர் குறைவு. புதிதாகப் போட்ட தாரில் ஒவ்வொரு ஜல்லியின் மேலும் ஒரு தார்ப் படலம் இருக்கும். டயர் பிடிக்க வேண்டியது கல்லின் சொரசொரப்பை. அது படலத்துக்கு அடியில் மறைந்திருக்கும். எண்ணெய்ப் பசையும் மேலே வரும். வெயிலும் வண்டி ஓட்டமும் அதைத் தேய்த்து எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

2020 நவம்பரில் இஸ்தான்புல்லில் நடந்தது இதற்குக் கச்சிதமான சாட்சி. பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் 5.338 கி.மீ. தடத்துக்கும் புதுத் தார் போட்டிருந்தார்கள். குளிரும் சேர்ந்துகொண்டது. உலகின் மிகத் திறமையான ஓட்டுநர்கள் பனிக்கட்டியில் ஓட்டுவதுபோல் சுற்றிச் சுழன்றார்கள். காய்ந்த தடத்தில் நடந்த வெள்ளிக்கிழமை இரண்டாம் பயிற்சியில் வேகமான நேரம் 1:28.330. அடுத்த ஆண்டு உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி மேல்படலத்தை உரித்தெடுத்தார்கள். அதே அமர்வின் வேகமான நேரம் 1:23.804. தடம் அதே, தார் அதே, வித்தியாசம் நாலரை நொடி. 2020-ஐ மட்டும் பார்த்துவிட்டு "துருக்கி டிராக் மோசம்" என்று எழுதியவர்கள் அடுத்த அக்டோபரில் என்ன எழுதினார்களோ.

யோங்காமில் இதைவிட அவசரம். வழக்கமாக 90 நாட்களுக்கு முன்பே முடிய வேண்டிய இறுதிச் சோதனை, 2010 அக்டோபர் 24 பந்தயத்துக்கு அக்டோபர் 12 அன்றுதான் முடிந்தது. எனவே தார் போட்ட மாதமும் பந்தய மாதமும் ஒப்பீட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

சொரசொரப்பை அளக்கவும் வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. அனுமதி வாங்கி, காய்ந்த தாரைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சலித்து எடுத்த சீரான நுண்மணல் 25 மில்லியைக் கொட்டி, தட்டையான வட்டக் கட்டையால் சுழற்றிச் சுழற்றிப் பரப்புங்கள். மணல் பள்ளங்களில் இறங்கி ஜல்லி முனையோடு சமமானதும் நிறுத்தி, வட்டத்தின் விட்டத்தை நான்கு திசையில் அளந்து சராசரி எடுங்கள். மணலின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் வந்துவிடும். விட்டம் 200 மி.மீ. என்றால் ஆழம் 0.8 மி.மீ., 250 மி.மீ. என்றால் 0.5 மி.மீ. பந்தயக் கோட்டில் (வண்டிகள் வழக்கமாக ஓடும் பாதையில்) ஒன்று, கோட்டுக்கு வெளியே ஒன்று, பிரேக் பிடிக்கும் இடத்தில் ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். காற்றடித்தால் மணல் பறந்து கணக்கு கெடும். ஆழம் அதிகம் என்றால் தரம் அதிகம் என்று முடிவுகட்டவும் கூடாது. ஆழம் தண்ணீரை வெளியேற்றும், கூடவே டயரையும் தின்னும்.

இது முடியாதவர்களுக்கு டயர் நிறுவனமான பிரெல்லி ஒவ்வொரு ஃபார்முலா 1 பந்தயத்துக்கும் முன்பு வெளியிடும் அட்டவணை போதும். தாரின் பிடிப்பு, அரிப்பு, டயர்மேல் விழும் சுமை என்று தனித்தனியே 1 முதல் 5 வரை எண் இருக்கும். அந்த எண்களைக் கூட்டி மொத்த மார்க் போடாதீர்கள். அரிப்பு 5 என்பது குறை இல்லை, குணம்.

மழையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

வீட்டு மொட்டை மாடிக்குக் கொத்தனார் வாட்டம் வைப்பதுபோல டிராக்குக்கும் வாட்டம் உண்டு. நேர்ப்பாதையில் குறுக்குச் சரிவு 1.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 3 சதவீதத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. வழிகாட்டுதல். 12 மீட்டர் அகலத் தடத்தில் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 18 முதல் 36 செ.மீ. தாழ்ந்திருக்கும் என்று அர்த்தம். இதில் ஓர் இடத்தில் ஓரிரு செ.மீ. குழிந்துவிட்டாலும் தண்ணீர் தங்கிவிடும்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 2018-இல் புதிதாகத் தார் போட்டார்கள். ஆகஸ்ட் மாத மோட்டோஜிபியின்போது பெய்த மழையில் தண்ணீர் வடியவில்லை. சனிக்கிழமை பயிற்சியில் ஸ்டோ வளைவில் தேங்கிய தண்ணீரில் பைக்குகள் வரிசையாக வழுக்கின, டிட்டோ ரபாட்டுக்குக் கால் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தயமும் நடக்கவில்லை. 2019-இல் தடம் முழுவதையும் மீண்டும் போட்டார்கள். மழை நாடு, பழமையான டிராக், ஃபார்முலா 1 பிறந்த இடம் என்ற பெருமை எதுவும் வாட்டத்துக்கு ஈடாகாது. செப்பாங்கில் கொட்டும் மழை இதைவிடக் கடுமை. ஆகவே வெப்பமண்டலத் தடத்தையும் ஐரோப்பியத் தடத்தையும் ஒப்பிடும்போது, மழை நின்று எத்தனை நிமிடத்தில் பந்தயக் கோடு காய்கிறது என்று வீடியோவில் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

மேடுபள்ளத்தைக் கண்ணால் மதிப்பிடுவது

3 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு "தரை சமம்" என்று சான்று கொடுப்பது நெடுஞ்சாலைப் பழக்கம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 83 மீட்டர் ஓடுகிறது. 20 மீட்டருக்கு ஒரு முறை தரை அலை அலையாக ஏறி இறங்கினால் வண்டி நொடிக்கு நான்கு தடவை குதிக்கும். 3 மீட்டர் பலகைக்கு அந்த அலை தெரியவே தெரியாது. ஓட்டுநரின் கழுத்துக்குத் தெரியும்.

அலை வருவது பெரும்பாலும் அடிமண்ணிலிருந்து. ஆஸ்டின் தடம் இருப்பது ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் மேல். நம் ஊர்க் கரிசல் மண்ணில் கட்டிய வீட்டுச் சுவர் வெடிக்கும் அதே காரணம். மேலே எத்தனை முறை சுரண்டித் தார் போட்டாலும் அடியில் மண் அசைந்தால் மேடு திரும்ப வரும். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வருடத்தின் வீடியோ போதாது. ஒரே வளைவின் ஆன்போர்டு காட்சியை (வண்டியில் பொருத்திய கேமரா எடுத்தது) நான்கைந்து வருடத்துக்கு அடுத்தடுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் எந்த இடத்தில் நடுங்குகிறது, அந்த இடம் நகர்கிறதா என்று கவனியுங்கள்.

சாலைத் தடத்தை நிரந்தரத் தடத்தோடு நிறுத்துவது

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்ததுபோன்ற சாலைப் பந்தயத்தைச் சாலைத் தடங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். நடுவே உயர்ந்த சாலை, வழுக்கும் வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி என்று பிரச்சினைகளே வேறு. 2023 லாஸ் வேகஸில் முதல் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கார்லோஸ் சாயின்ஸின் ஃபெராரியின் அடிப்பகுதியை ஒரு தண்ணீர் வால்வு மூடி கிழித்தது. அமர்வு ரத்து. நிரந்தரத் தடமும் தப்பவில்லை. 2017 செப்பாங்கில் கழன்ற வடிகால் மூடி ரொமெய்ன் குரோஷானின் டயரைக் கிழித்தது.

ஆட்களை மறப்பது

2020-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் வெள்ளிக்கிழமை முழுவதும் ஒரு கார்கூட ஓடவில்லை. டிராக்கில் ஒரு குறையும் இல்லை. மூடுபனியில் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. 2017-இல் ஷாங்காயிலும் ஹெலிகாப்டர் பறக்க முடியாததால் வெள்ளிக்கிழமைப் பயிற்சி பெரும்பாலும் வீணானது. ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத் தூரம், மார்ஷல்கள் (தடத்தின் ஓரம் கொடி காட்டி உதவும் ஊழியர்கள்) எத்தனை பேர், விபத்து நடந்து மஞ்சள் கொடி வர எத்தனை நொடி, கிரேன் வர எவ்வளவு நேரம் என்பவையும் தடத்தின் தரம்தான். கொடி நேரத்தை நேரடி ஒளிபரப்பிலேயே நிறுத்திக் கணக்கிடலாம்.

கடைசியாக, குறிப்பு எழுதும் விதம். ஒரு வரிக்கு ஒரு நாடு என்று அட்டவணை போடாதீர்கள். தடம், லேஅவுட் நீளம், மாதம், வருடம், தார் போட்டு எத்தனை மாதம், வண்டி, வானிலை என்று ஏழு கட்டம் வையுங்கள். "இஸ்தான்புல், 5.338, நவம்பர் 2020, புதுத் தார், ஃபார்முலா 1, குளிர்" என்பது ஒரு வரி. "இஸ்தான்புல், 5.338, அக்டோபர் 2021, தண்ணீர் பீய்ச்சி உரித்த தார், ஃபார்முலா 1, காய்ந்த வெள்ளிக்கிழமை" என்பது இன்னொரு வரி. இரண்டும் இரண்டு டிராக்.