டேங்கோ பழகத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்கோ என்றதும், வாயில் ரோஜாவைக் கவ்வியபடி தலையை வெடுக்கெனத் திருப்பி விறைப்பாக நடைபோடும் ஜோடிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மேடைக்கும் போட்டிக்குமான அந்த மிடுக்கு வேறு. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மக்கள் கூடி ஆடும் டேங்கோ வேறு. பின்னது, இருவர் அணைத்தபடி இசைக்கேற்ப அமைதியாக நடக்கும் நடை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே முதல் தவறு. பிற பிழைகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த ஆட்டம் விலைமாதர் விடுதிகளில் பிறந்தது என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பதும் சரியன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரியோ டி லா பிளாட்டா முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் அமைந்த புவெனஸ் அயர்ஸ், மொந்தேவிதேயோ நகரங்களில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோரின் கந்தோம்பே தாளமும், கியூபாவின் ஹபனேரா இசையும், உள்ளூர் மிலோங்கா இசையும், பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தோரின் இசையும் கலந்து இது உருவாயிற்று. விடுதிகளும் அந்த உலகில் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றை மட்டும் சொன்னால் கறுப்பின மக்களின் பங்கு மறைந்துபோகிறது. அதை நான் சிறிய பிழையாகக் கருதவில்லை. 1913 வாக்கில் பாரிஸ் நகரமே டேங்கோ மோகத்தில் மூழ்கிய பிறகுதான், தாயகத்து மேல்தட்டினரும் இதை மனமுவந்து ஏற்றனர். 2009இல் இரு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில், யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அடிவைப்புக்கு வருவோம். புதியவர்கள் பெரும்பாலும் எட்டடி வரிசையை மனப்பாடம் செய்து, அதுவே டேங்கோ என்று நம்பிவிடுகிறார்கள். கற்பிக்கும் வசதிக்காக அமைந்த அந்த வரிசையில், ஜோடியில் அசைவைத் தொடங்கி வழிநடத்துபவரின் முதல் அடி பின்னோக்கிச் செல்கிறது. கூட்டம் நிறைந்த தளத்தில், பின்னால் வரும் ஜோடியைப் பாராமல் அவ்வாறு காலை நீட்டினால் அவர்கள்மீது இடிக்க நேரும். ஆகவே ஆடும்போது அந்த முதல் அடியை விட்டுவிட்டு, பக்கவாட்டு அடியிலிருந்து தொடங்குவதே நல்லது.

அதைவிட முக்கியமானது உடல் எடையை மாற்றுவது. வலக்காலை முன்வைத்தால் எடை முழுவதும் அக்காலுக்கு வந்துவிட வேண்டும். இடக்கால் தரையைத் தொட்டிருந்தாலும் அதில் சுமை இருக்கக் கூடாது. அடி வைத்த அதே நிலையில் நின்று, பின்னுள்ள காலை ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். உடல் தள்ளாடாமல் கால் உயர்ந்தால் எடை மாறிவிட்டது. இடுப்பு ஒருபுறம் சரிந்தால் மாறவில்லை. எடையை இரு கால்களிலும் பாதிப்பாதியாக வைத்து நிற்பவரின் எந்தக் கால் அடுத்து நகரும் என்பதை இணையால் உணர முடியாது. அங்கேதான் முழங்கால்கள் மோதுகின்றன, கால்விரல்கள் மிதிபடுகின்றன. இதை நாள்தோறும் பத்து நிமிடம் தனியாகப் பழகுவது, புதிதாக நான்கு அசைவுகளைக் கற்பதைவிடப் பயன் தரும்.

பாதங்களைக் குனிந்து பார்ப்பதும் கையால் இணையைத் தள்ளுவதும் அடுத்து வருபவை. தலை குனிந்தால் மார்பு பின்வாங்குகிறது. போகும் திசையை இணைக்கு உணர்த்துவது மார்புதான், கை அன்று. பின்தொடர்பவரும், அடுத்தது இதுவாகத்தான் இருக்கும் என ஊகித்து முந்திக்கொள்ளாமல், அசைவு வந்து சேரும்வரை காத்திருக்கப் பழக வேண்டும்.

மிலோங்கா என்பது இசைவகையின் பெயர் மட்டுமன்று. டேங்கோ ஆடக் கூடும் நிகழ்வுக்கும் அதுவே பெயர். அங்கே எல்லா ஜோடிகளும் தளத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருவர். இடையில் புகுந்து முந்துவது மரியாதையன்று. ஒருவரின் இருக்கைக்கே போய் ஆட அழைப்பதையும் தவிர்க்க வேண்டும். தொலைவிலிருந்தே கண்ணோடு கண் நோக்கி, தலையசைப்பால் கேட்பதே வழக்கம். விருப்பமில்லாதவர் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். யாருக்கும் தலைகுனிவு நேராது. அழைப்பை ஏற்றவர்கள் பொதுவாக மூன்று நான்கு பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பு முழுவதும் சேர்ந்து ஆடுவர். முதல் பாட்டோடு நன்றி சொன்னால், போதும் என்று பொருளாகிவிடும். தொகுப்பின் முடிவில் டேங்கோ அல்லாத ஓர் இசைத்துணுக்கு ஒலித்ததும், வழிநடத்தியவர் இணையை அவர் இருக்கைவரை உடன்சென்று விட்டுவர வேண்டும்.