யானைக்கால் வீக்கம்: தினமும் கால் கழுவும் முறை

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். எங்கள் அத்தைக்கு இப்படித்தான் ஏறியது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு, திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்ட காலில், விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாக பாக்டீரியா புகுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த வழியை அடைக்கத்தான் தினமும் கழுவுவது.

1. அகலமான பேசின், மக், குளியல் சோப், நாற்காலி. வாசனை கூடிய சோப்பும் கிருமிநாசினித் திரவமும் வேண்டாம், தோல் எரியும். தண்ணீர் சாதாரணமாக இருக்கட்டும், சுடுதண்ணீர் கூடாது.

2. முழங்காலில் தொடங்கிக் கீழே வாருங்கள். மடிப்புகளுக்குள் விரலை விட்டு மெதுவாகத் தேயுங்கள். பிரஷ், பீர்க்கங்காய் நார் எதுவும் வேண்டாம், கீறல் விழும். சோப்பு நுரை போகும்வரை அலசுங்கள்.

3. துடைப்பது. நாங்கள் திணறியது இங்கேதான். வீங்கிய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்; தடித்த துண்டு உள்ளே போகாது. மேலே காய்ந்தாற்போல் இருந்தாலும் இடுக்கு ஈரமாகவே இருக்கும், சேற்றுப்புண் ஆறவே ஆறாது. துவைத்துக் காயவைத்த பழைய வேட்டியை விரல் அகல நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் விரலை விரித்து, நாடாவை நுழைத்து ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். நாடா ஈரமில்லாமல் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். எந்தத் துண்டையும்விட இதுதான் நல்லது என்பேன். ஈரத்தின்மேல் பவுடர் போட்டால் கட்டிதட்டும்.

4. இடுக்கு வெளுத்திருந்தால், மருத்துவர் எழுதித்தந்த பூஞ்சைக் களிம்பை நன்றாகக் காய்ந்தபிறகு தடவுங்கள்.

5. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு உயர்த்துங்கள். வெளியே போனால் செருப்பு கட்டாயம்.

காய்ச்சல் வந்த நாளில் கணுக்கால் பயிற்சி வேண்டாம். காலில் ஈரத்துணி போட்டு ஓய்வெடுத்து, மருத்துவரைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இரண்டு காலும் வீங்கியவர்கள் சிலர் இதே முறையைக் கேட்டிருந்தார்கள். அது வேறாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறாலும் வீங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி கெண்டைச்சதை வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.