கல்யாண வரவேற்புக்கு கேட்டரிங் பிடிக்கிறீர்களா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

கேட்டரிங் பேசப் போனால் முதல் கேள்வி பிளேட் என்ன விலை, அடுத்தது ருசி எப்படி. இரண்டும் முக்கியம்தான். ஆனால் வரவேற்பில் சாப்பாடு சொதப்புவது பெரும்பாலும் பரிமாறுவதில்தான். அதைப் பற்றி எதுவுமே கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுவதை நான் பெரிய தவறு என்பேன்.

பஃபேயை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும், 300 பேர் ஒரே வரிசையில் முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். மேசையின் இரண்டு பக்கமும் எடுக்க விட்டால் அது பாதியாகும். அதே மாதிரி இன்னொரு மேசையும் போட்டால் 40 நிமிடத்துக்குள் எல்லோர் கையிலும் தட்டு வந்துவிடும். அதனால் எத்தனை ஐட்டம் என்பதற்கு முன்னால், எத்தனை வரிசை, எத்தனை பேர் பரிமாறுவார்கள், பாத்திரம் காலியாகும் முன் நிரப்பத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள். மெனு நீள நீள வரிசையும் மெதுவாகத்தான் நகரும்.

ருசி பார்க்கக் கூப்பிட்டால் நாலைந்து பேருக்குச் சமைத்ததைத்தான் தருவார்கள். மொத்தமாகச் சமைத்து வண்டியில் ஏற்றி வந்தால் அது எப்படி இருக்கும் என்பது அதில் தெரியாது. முடிந்தால் அவர்கள் நடத்தும் வேறொரு நிகழ்ச்சியை, அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, போய்ப் பாருங்கள். ஆரம்பத்தில் போகாதீர்கள், கடைசி ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் எது தீர்ந்துபோனது, எது ஆறிப்போனது என்று தெரியும்.

எங்கே சமைக்கிறார்கள், எத்தனை மணிக்கு இறக்குகிறார்கள் என்பதையும் பலர் கேட்பதில்லை. சமைத்ததைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், வெளியே சும்மா 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறிய உணவில் கிருமிகள் மளமளவென்று பெருகும். மணமக்கள் மேடைக்கு வரத் தாமதமாவது சகஜம் என்பதால், சூடாக வைக்க என்ன ஏற்பாடு என்று கட்டாயம் கேளுங்கள். விருந்தினர் யாருக்காவது கடலை, பால் மாதிரி ஒவ்வாமை இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. குறைந்தபட்சம் இத்தனை பிளேட் என்று ஒப்புக்கொண்டால், கூட்டம் குறைந்தாலும் அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கடைசி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்வது, கூடுதல் பிளேட்டுக்கு என்ன விலை, அன்று தட்டை எண்ணுவது யார்? தகராறு வருவது இந்த மூன்றில்தான். புகைப்படக்காரர், இசைக் குழு, டிரைவர்கள் சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள்.

வாய்ப்பேச்சு போதாது. மெனு, பரிமாறும் நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பாத்திரம் கழுவிச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். நம்மிடம் பேசிய முதலாளி அன்றைக்கு வேறு நிகழ்ச்சியில் இருக்கலாம். அதனால் நேரில் பொறுப்பாக நிற்கப் போகிறவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். நம் பக்கமும் அவரோடு பேச ஒருவரை நியமியுங்கள். அது மணமக்களின் பெற்றோராக இருக்க வேண்டாம்.