கண்ணில் அடிபட்டதும் கை செய்யும் தவறுகள்

கண்ணில் ஏதாவது விழுந்தால் யோசிக்கும் முன்பே கை போய்க் கசக்கிவிடும். முதல் தவறு அதுதான். மேல் இமையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்ட ஒரு மணல் துகள், ஒவ்வொரு கசக்கலுக்கும் கருவிழியில் ஒரு கீறல் போடும். மருத்துவர் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்தக் கீறல்கள் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகளாக ஒளிரும். கோடுகளைப் பார்த்ததுமே இமையைப் புரட்டி, ஒளிந்திருக்கும் துகளை எடுத்துவிடுவார். தூசி விழுந்தால் நன்றாகச் சிமிட்டுங்கள், சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். அப்போதும் போகவில்லையா, மருத்துவரிடம் போய்விடுங்கள். கைக்குட்டை முனையும் பஞ்சுக்குச்சியும் கண் பக்கமே வர வேண்டாம்.

ரசாயனம் தெறித்தால் கதை வேறு. அங்கே முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் தவறு. வண்டி தேடும் அந்தப் பத்து நிமிடத்தில் கண் வெந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் உள்ள குழாயைத் திறந்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, விழியை எல்லாப் பக்கமும் உருட்டியபடி குறைந்தது 15 முதல் 30 நிமிடம் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடலாம். அப்புறம்தான் கிளம்ப வேண்டும்.

பலர் ஆசிட்டுக்கு மட்டும் பயப்படுகிறார்கள். சுண்ணாம்பு, ஈர சிமெண்ட், அமோனியா போன்ற காரங்கள் பெரும்பாலும் அதைவிட மோசம். அமிலம் திசுவின் புரதத்தை உறைய வைக்கும். உறைந்த அந்தப் படலமே அமிலம் மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு உள்ளே இறங்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்து, காரம் பட்ட கண்ணில் எலுமிச்சைச் சாறு விடுவது கொடுமை. தண்ணீர் போதும். இன்னொன்று, கண் சிவக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். கடுமையாக வெந்த கண்ணில் ரத்தக் குழாய்களே அடைபட்டுப்போவதால் வெள்ளைவிழி வெளுத்துத் தெரியும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வலிக்காத காயம். சுத்தியலால் உளியை அடிக்கும்போது ஒரு இரும்புச் சில் தெறிக்கிறது. சுருக்கென்று ஏதோ பட்டது போல இருக்கும், சில நிமிடத்தில் சரியாகிவிடும். பார்வையும் தெளிவாகவே இருக்கலாம். சில்லோ கண்ணுக்குள் இருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த இரும்பின் துரு, நாளடைவில் விழித்திரையைப் பாழாக்கிவிடும். கண்பாப்பா வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி போல ஒரு பக்கம் இழுத்திருந்தால் கண் துளைபட்டிருக்கிறது என்று அர்த்தம். எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இரும்பு உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அதை நகர்த்திவிடும்.

கண்ணைத் துளைத்த காயத்தைக் கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, சொட்டு மருந்து விடக் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவே கூடாது. ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாமல் புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி ஒட்டினால் போதும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். 'ஒரு கண்ணில்தானே' என்று தள்ளிப்போடவும் கூடாது. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் 3 வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கொண்டார். 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று.

பந்தோ முழங்கையோ பட்டுக் கண் வீங்கினால் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், விழியை அழுத்தாமல். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் கோடு கட்டி நின்றால் ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். எல்லாம் இரட்டையாகத் தெரிந்தால் கண்குழி எலும்பு உடைந்திருக்கலாம்; மூக்கைச் சிந்தாதீர்கள். சில வாரம் கழித்துக்கூட மின்னல் வெட்டுவது போலவோ, திரை இறங்குவது போலவோ தெரிந்தால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். அன்றே போக வேண்டும்.

வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் சில மணி நேரம் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும், பெரும்பாலும் நள்ளிரவில். அப்போது மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விடுகிறார்கள். வலி போகும், ஆனால் கருவிழியின் புண் ஆறாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் ஆபத்துதான். இலையோ குச்சியோ கீறிய கண்ணில் பூஞ்சைத் தொற்று வரலாம். ஸ்டீராய்டு அதை வேகமாக வளர்த்துவிடும். பழைய பாட்டிலை இன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.