குன்னூர்–ஊட்டி ரயிலுக்கு ஜெர்மன் முறையில் அட்டவணை வரைவது எப்படி

"ஊட்டிக்கு இன்னும் நாலு ரயில் விடுங்கள்" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு, "ஒற்றைப் பாதை, சாத்தியமில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். எந்த ரயில் எந்த நிமிடத்தில் எந்த ஸ்டேஷனில் கிராசிங் எடுக்கும் (எதிர் வண்டியைத் தாண்டவிடும்), அதற்கு எத்தனை ரேக் (கோர்த்த பெட்டித் தொடர்), எத்தனை இன்ஜின் வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிய மனுவை அப்படி ஒரு வரியில் தள்ள முடியாது. அந்தக் கோட்டை எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே. ஒரு கிராஃப் தாள், பென்சில், அட்டை, கடிகாரம், கூடவே இரண்டு மூன்று நாள் பொறுமை இருந்தால் போதும்.

முறை ஜெர்மனியின் ரீஜியோனால்-எக்ஸ்பிரஸ் என்ற மண்டல ரயில்களின் வழித்தடங்களில் பழகியது. 1994-ல் அங்கே கிழக்கு, மேற்கு ரயில்வேக்கள் ஒரே கம்பெனியாகின. 1996 ஜனவரி 1 முதல் உள்ளூர் ரயில்களுக்கான பொறுப்பும் பணமும் மாநிலங்களின் கைக்குப் போயின. "இந்த ஊர்களில் நின்று, இத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி" என்று மாநிலம் கேட்கும், ஓட்ட முன்வரும் கம்பெனிகள் டெண்டர் போடும். ஆகவே அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதப்படுவது அட்டவணைதான். பெட்டி வாங்குவதும் பாதையைத் திருத்துவதும் அதற்குப் பிறகு. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நீலகிரிக்கு இந்த வரிசை இன்னும் அதிகமாகப் பொருந்தும். 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பாதை இது. வளைவை நிமிர்த்தவோ, புது மேம்பாலம் போடவோ யாரும் வரப்போவதில்லை, வரவும் கூடாது. அப்படியானால் கைவைக்கக் கூடியது நேரம் ஒன்றில்தான்.

எந்தப் பகுதியை எடுப்பது

மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கி.மீ. முழுவதையும் ஒரே அட்டவணையில் கட்டாதீர்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களை இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பாதை. ஏற்றம் 12-க்கு 1, வேகம் மணிக்கு 13 கி.மீ.தான். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு ஏற்பட்டால் நாள்கணக்கில் மூடிவிடும். கீழே நடக்கும் தாமதம் மேலே ஏறிவராதபடி குன்னூரில் வெட்டிவிட வேண்டும்.

குன்னூருக்கு மேலே பல்சக்கரம் இல்லை. ஏற்றம் 25-க்கு 1, அதாவது ஆயிரத்துக்கு 40. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கிலிருந்து கருங்காட்டு மலைக்கு ஏறும் ஹோலன்டால் பாதை ஆயிரத்துக்கு 57 வரை போகிறது. அங்கேயும் 1887-ல் திறந்தபோது செங்குத்தான பகுதியில் பல்சக்கரம் இருந்தது. 1933-ல் அதை விட்டுவிட்டு, கனமான இன்ஜின்களைக் கொண்டு வெறும் தண்டவாளத்திலேயே ஏறத் தொடங்கினார்கள். இன்று அது அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் பாதை. நம்முடைய மேல்பகுதி அதைவிடச் சாய்வு குறைந்ததுதான். "மலையென்பதால் அடிக்கடி ஓட்ட முடியாது" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அளவெடுப்பது

முதலில் தூரம். குன்னூரைச் சுழியம் என்று வைத்தால் வெலிங்டன் சுமார் 1 கி.மீ., அரவங்காடு 4, கேத்தி 10, லவ்டேல் 14, ஊட்டி 18. அடுத்து நேரம். அச்சிட்ட அட்டவணையை நம்பி உட்காராதீர்கள். வண்டியில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சக்கரம் நின்ற நிமிடம், நகர்ந்த நிமிடம் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். போக ஐந்து முறை, வர ஐந்து முறை. அதில் ஒன்றாவது மழைநாளாக இருக்கட்டும். ஈரமான கற்பூர (யூகலிப்டஸ்) மரத்து இலை தண்டவாளத்தில் ஒட்டினால் சக்கரம் வழுக்கும், இன்ஜின் மணல் தூவிக்கொண்டே ஏறும், நிமிடங்கள் கரையும். சராசரியை எடுக்க வேண்டாம். பத்தில் எட்டு முறை எட்டக்கூடிய நேரம் எதுவோ, அதை எடுங்கள்.

கணக்கு புரிவதற்காக ஒரு பயணத்துக்கு 75 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் சீராக இருப்பதாகக் கொண்டால் குன்னூரிலிருந்து அரவங்காட்டுக்கு 17 நிமிடம், கேத்திக்கு 42, லவ்டேலுக்கு 58. உங்கள் அளவில் வரும் எண் வேறாக இருக்கும், வழி இதேதான்.

மூன்றாவது, எந்தெந்த ஸ்டேஷனில் லூப் லைன் (ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) இருக்கிறது, அதில் எத்தனை பெட்டி அடங்கும், இன்றைக்கு அது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை நேரில் பார்த்துக் குறியுங்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் லூப் தரையில் இல்லாமல் போயிருக்கலாம்.

கோடு போடுவது

கிராஃப் தாளைப் படுக்கையாக வையுங்கள். செங்குத்தில் 1 செ.மீ.க்கு 1 கி.மீ., கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 10 நிமிடம். அடியில் குன்னூர், 18 செ.மீ. உயரத்தில் ஊட்டி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அதன் தூரத்தில் ஒரு படுக்கைக் கோடு. லூப் இருக்கும் ஸ்டேஷனை மட்டும் சிவப்பில் போடுங்கள்.

இப்போது தடித்த அட்டையில் 7.5 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் சாய்ந்த விளிம்புதான் உங்கள் ரயில். தாளில் வைத்து இழுத்தால் ஏறும் வண்டி, முக்கோணத்தைத் திருப்பிப் போட்டு இழுத்தால் இறங்கும் வண்டி. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வருகின்றன. அந்தப் புள்ளி சிவப்புக் கோட்டின் மேல் விழுந்தால் அட்டவணை ஓடும். விழாவிட்டால் ஒரு வண்டி எங்கேயோ காத்திருக்கும். ஒற்றைப் பாதையின் சங்கதி முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

மணிக்கு ஒரு வண்டி என்று ஆசைப்படுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. போட்டுப் பாருங்கள். ஒரு பயணத்துக்கு 75 நிமிடம், முனையில் திரும்ப 15 என்றால் ஒரு சுற்று 180 நிமிடம், ஆக 3 ரேக். ஏறும் வண்டி வழியில் இரண்டு வண்டிகளைச் சந்திக்கும். அந்தப் புள்ளிகள் குன்னூரிலிருந்து சுமார் 5.4 கி.மீ.யிலும் 12.6 கி.மீ.யிலும் விழும். அரவங்காடு 4, லவ்டேல் 14. இரண்டுமே பொருந்தவில்லை. இரண்டு இடத்திலும் லூப் இருந்தாலும், ஒவ்வொரு கிராசிங்கிலும் யாராவது ஒருவர் 11, 12 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அப்படி நின்றால் 75 நிமிடம் 90-ஐ நோக்கி நகர, போட்ட கணக்கு மொத்தமும் கலைந்துவிடும்.

90 நிமிட இடைவெளிக்குப் போங்கள். அதே 180 நிமிடச் சுற்றுக்கு 2 ரேக் போதும். இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரே ஒரு சந்திப்புதான், அதுவும் 9 கி.மீ.யில். கேத்தி 10 கி.மீ.யில் இருக்கிறது. கைக்கு எட்டும் தூரம்.

கேத்தியில் கிராசிங்

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலான திட்டங்கள் உடையும் இடம் இதுதான். 8:00-க்குக் குன்னூரில் கிளம்பிய வண்டி 8:42-க்குக் கேத்தி வருகிறது. இறங்கும் வண்டி அதற்கு முன்பே லூப்பில் வந்து நின்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்படி வரையாதீர்கள். ஒன்று முழுதாக உள்ளே வந்து நின்று, பாயிண்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் நகரும் தண்டவாளம்) மாறி, அடுத்த வண்டிக்கு வழி கொடுக்க 2 நிமிடமாவது வேண்டும். ஆக இறங்கும் வண்டி கேத்தியை விடுவது 8:44, குன்னூரைச் சேர்வது 9:26. அடுத்த வண்டி 9:30-க்குக் கிளம்ப வேண்டும். மிச்சம் 4 நிமிடம்.

4 நிமிடத்தில் இன்ஜினை மாற்றிக் கோர்க்க முடியாது. பெட்டிகளில் கைபிரேக் போட்டு, கப்ளிங் கழற்றி, பிரேக் குழாயைப் பிரித்து, இன்ஜினை முன்னே ஓட்டி, பாயிண்ட் மாற்றி, பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து, மறுபடி கோர்த்து, கடைசிப் பெட்டிவரை பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்து, கார்டு கொடியசைக்க ஒரு கால்மணி நேரம் ஆகும். ஊட்டியிலிருந்து வண்டியை முன்னதாகக் கிளப்பினாலும் பலனில்லை. அது கேத்தியில் கூடுதலாகக் காத்து நிற்கும், அவ்வளவுதான். கேத்திக்குக் கீழே 42, 42 என்ற இரண்டு எண்களைக் குறைத்தால்தான் குன்னூரில் மூச்சு விட இடம் கிடைக்கும்.

மலிவான வழி, ஸ்டேஷனில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. வெலிங்டனிலும் அரவங்காட்டிலும் 3 நிமிடம் நிற்பதாக உங்கள் கடிகாரம் சொன்னால், அதை 1 நிமிடமாக்கினால் போகவர 8 நிமிடம் மிச்சம். பெட்டிக் கதவு எங்கே வந்து நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கோடு போடுவது, பயணிகளை முன்கூட்டியே பிரித்து நிறுத்துவது, டிக்கெட்டை வண்டி வரும் முன்பே கொடுத்து முடிப்பது, இவ்வளவுதான் வேலை. வெலிங்டனை நிறுத்தாமல் தாண்டச் சொல்வோரும் உண்டு. அன்றாடப் பயணிகள் இருக்கும் ஊரைத் தாண்டி ஓடி நிமிடத்தைச் சேர்ப்பதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

அடுத்தது, குன்னூரில் ஒரு இன்ஜினைத் தயாராக நிறுத்துவது. வண்டி வந்து நின்றதும் மறுமுனையில் காத்திருக்கும் இன்ஜின் கோர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். வந்த இன்ஜின் பின்னால் விடுபட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். 6, 7 நிமிடத்தில் முடியும். ஜெர்மனியில் இந்தச் சிக்கலே பல வழித்தடங்களில் இல்லை. இன்ஜின் ஒரு முனை, ஓட்டுநர் அறை உள்ள பெட்டி மறுமுனை என்று வைத்து, ஓட்டுநர் மட்டும் நடந்துபோய் உட்கார்ந்து கிளப்பிவிடுவார். அந்த மாதிரிப் பெட்டி நம் மீட்டர் கேஜுக்கு வந்தால் நல்லதுதான், ஆனால் அதை நம்பி அட்டவணை போடாதீர்கள். மியூனிக்–நியூரம்பெர்க் எக்ஸ்பிரஸைப் பாருங்கள். 2006 டிசம்பரில், 300 கி.மீ. வேகத்துக்குக் கட்டிய புதுப் பாதையில் 200 கி.மீ. வேகத்தில் மண்டல ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கென்று 2013-ல் ஆர்டர் கொடுத்த 6 புது ரேக்குகள் 2016 டிசம்பரில் வர வேண்டியவை. ஒப்புதல் இழுத்து, ஓடத் தொடங்கியது 2020 டிசம்பரில். நாலு வருடம் பழைய பெட்டிகளே சமாளித்தன. இன்றைக்குக் கையில் இருக்கும் பெட்டியில் ஓடக்கூடிய அட்டவணைதான் நிற்கும்.

முடிவில் வரும் நேரங்கள்

நிற்கும் நேரத்தைக் குறைத்த பின் கேத்திக்கு 38 நிமிடம், கேத்தியில் 1 நிமிடம் நின்று ஊட்டிக்கு 33. குன்னூரில் 8:00, கேத்தி 8:38, ஊட்டி 9:12. எதிர் வண்டி ஊட்டியில் 8:03, கேத்தி 8:36, அங்கே 4 நிமிடம் நின்று 8:40, குன்னூர் 9:18. குன்னூரில் 12 நிமிடம், ஊட்டியில் 21 நிமிடம் கிடைக்கிறது. ஊட்டியில் கூடுதல் இன்ஜின் தேவையில்லை. 2 ரேக், 3 இன்ஜின்.

நாள் முழுவதும் அடுக்கினால், குன்னூரிலிருந்து 6:30, 8:00, 9:30, 11:00, பிறகு 14:00, 15:30, 17:00, 18:30. ஊட்டியிலிருந்து 6:33, 8:03, 9:33, 11:03, பிறகு 14:03, 15:33, 17:03, 18:33. இதில் 11:00 ஏற்றமும் 14:03 இறக்கமும் புது வண்டிகள் அல்ல. காலை 7:10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டிக்கும், மதியம் ஊட்டியிலிருந்து இறங்கும் அதே வண்டிக்கும் ஒதுக்கிய இடங்கள். நடுப்பகலில் ஒரு ஜோடியை விட்டது வேண்டுமென்றே. காலையில் சேர்ந்த தாமதம் கரையவும், இன்ஜினைப் பார்க்கவும், பாதை ஆட்கள் வேலை செய்யவும் அந்த இடைவெளி வேண்டும். அதை நிரப்பச் சொல்லி யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் ஒரு ரேக் ஊட்டியில், ஒன்று குன்னூரில். மறுநாள் இடம் மாறிக்கொள்ளும்.

இணைப்புக்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். கீழிருந்து வரும் வண்டி 11:00-க்குள் வராவிட்டால் எவ்வளவு நேரம் காப்பது? 5 நிமிடம் என்போம். அதைத் தாண்டினால் குன்னூரில் நிற்கும் ரேக் அந்த 11:00 இடத்தில் கிளம்பட்டும். கீழிருந்து வரும் வண்டி காலியாக இருக்கும் 12:30 இடத்தில் ஏறட்டும். ஊட்டிக்கு 13:42-க்குப் போய்ச் சேர்ந்து, 21 நிமிடத்தில் 14:03-க்கு இறங்கிவிடலாம். மேலே போன ரேக் 12:33-க்கு ஊட்டியை விட்டு 13:48-க்குக் குன்னூர் திரும்பி, 14:00 வண்டியாகக் கிளம்பும். இதற்காகவும்தான் அந்த இடைவெளி. ஊட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட் இருப்பதால், 9:12-க்கு வந்தவர் 9:20 பஸ்ஸைப் பிடிக்கும்படி போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மனுவில் கிராஃப் தாளின் நகல், நீங்கள் அளந்த நேரப் பட்டியல் முழுவதும், லூப் விவரம், ரேக், இன்ஜின், ஆள் கணக்கு ஆகியவை இருக்க வேண்டும். காலை 6:30 முதல் இரவு 8 வரை என்றால் ஓட்டுநர், கார்டு, பிரேக்ஸ்மேன் எல்லோருக்கும் இரண்டு ஷிஃப்ட். சேலம் கோட்ட மேலாளருக்கும், கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஜெர்மனியில் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் மாறும் அட்டவணைக்கு ஏப்ரலிலேயே வழி கேட்டு எழுதிவிடுகிறார்கள். நீங்களும் புது அட்டவணைக்கு எட்டு மாதம் முன்னால் கொடுங்கள். முழுவதும் ஒரேயடியாகக் கேட்காமல், 8:00 ஏற்றத்தையும் 8:03 இறக்கத்தையும் மட்டும் ஒரு பள்ளிப் பருவம் முழுக்க ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேத்தி கிராசிங் நிற்கிறதா என்று அந்த ஒரு ஜோடியே காட்டிவிடும்.