கிருஷ்ணகிரியிலிருந்து காடிஸுக்கு: மூவாயிரம் வருடத் துறைமுகத்தை இரண்டு ராத்திரியில் பார்ப்பது எப்படி

தெற்கு ஸ்பெயினின் காடிஸை, செவில் நகரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராகத்தான் பல டூர் திட்டங்களில் போட்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு ரயிலை விட்டு இறங்கி, பேராலயத்துக்கு வரிசையில் நின்று பார்த்து வெளியே வந்தால் மணி இரண்டு. அந்த நேரத்தில் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும். மறுபடி திறக்க ஐந்தாகும். அதற்குள் திரும்புகிற ரயிலுக்கு நேரமாகிவிடும். அதனால் இரண்டு ராத்திரி தங்குங்கள். அதில் திங்கட்கிழமை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். முந்தின நாள் ஞாயிறு படகு போகாததால் திங்களன்று சந்தையில் மீன் மேடைகளும் காலியாகக் கிடக்கும்.

முதலில் காகிதங்கள். ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கோடை விடுமுறைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம், ஆகவே மூன்று மாதம் முன்னால் ஆரம்பிப்பது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஒற்றைப் பெயரை எப்படிப் போடச் சொல்கிறார்கள் என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். காப்பீடு, ஓட்டல், ரயில் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே எழுத்து. இரண்டாவது பணம். மாந்தோப்பு வருமானம் சீசனில் மொத்தமாகத்தான் வரும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் கேள்வி வரும். விற்பனை ரசீது, பட்டா நகல், வரிக் கணக்கு இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

மாம்பழம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும்: தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் ஆகாது. மாங்காய் ஊறுகாயைக் கசியாமல் சீல் செய்து பெரிய பெட்டியில் வைத்தால் பிரச்சினை இல்லை.

பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு வரை சாயங்காலத்தில் வண்டி நகராது. அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹொஸகோட்டே, தேவனஹள்ளி வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். சாலைக்கு நான்கு மணி நேரம், செக்-இன்னுக்கு மூன்று. தர்மபுரிக்காரர்கள் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய், தோஹா போன்ற ஊரில் மாறி மாட்ரிட் போய்விட்டால், அங்கிருந்து காடிஸுக்கு நேர் ரயில் உண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செவிலிலிருந்து என்றால் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். ரயில் டிக்கெட் எடுக்குமுன் பேங்க் ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். அது அணைந்திருந்தால் பணம் போகாது, காரணமும் சொல்லாது. காடிஸ் ஸ்டேஷன் பழைய நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. டாக்ஸி வேண்டாம், பெட்டியை உருட்டிக்கொண்டே நடக்கலாம்.

பார்க்க வேண்டிய வரிசைக்கு ஒரே விதி: முதலில் மேலே ஏறுங்கள், பிறகு மண்ணுக்கடியில் இறங்குங்கள். மேலே என்றால் தோர்ரே தவீரா, கடல் மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரக் காவல் கோபுரம். ராயக்கோட்டை மலை ஏறியவர்களுக்கு இந்தப் படிகள் விளையாட்டு. உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல், வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் குட்டிக் கோபுரங்கள். அமெரிக்க வாணிபத்தை நிர்வகித்த அலுவலகம் 1717இல் செவிலிலிருந்து இங்கே மாறியது. தங்கள் கப்பல் வருகிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க வணிகர்கள் கட்டிக்கொண்டவை அவை. நூற்றுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. கோபுரத்துக்குள் 1994இல் வைத்த இருட்டறைக் கேமரா இருக்கிறது, வெளியே நடப்பதை அப்போதே உள்ளே திரையில் விழவைக்கும் கருவி. குழிந்த வெள்ளைத் திரையில் நகரம் அப்படியே அசையும், துணி காய்வதுகூடத் தெரியும். மேகம் போட்டால் படம் மங்கிவிடும். எனவே வெயில் அடிக்கும்போது போங்கள். ஆங்கில விளக்கக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள்.

அடுத்து காதிர் என்ற அகழாய்வு இடம். பொம்மலாட்ட அரங்கம் ஒன்றுக்குக் கீழே, தெருவிலிருந்து ஒன்பது மீட்டர் ஆழத்தில், பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர்களின் தெருவும் வீடுகளும் கிமு 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடக்கின்றன. ரொட்டி அடுப்பு, மாட்டுக் குளம்புத் தடம், தீயில் செத்த ஒரு மனிதரின் எலும்பு. அனுமதி இலவசம், ஆனால் குழுவாக நேரம் குறித்துத்தான் விடுவார்கள். காலையிலேயே பதிந்துவிடுங்கள்.

அங்கிருந்து பொப்புலோ பேட்டைக்கு நடந்தால், 1980இல் கண்டெடுத்த ரோமானிய அரங்கம். அதன் ஒரு பகுதி இன்னும் வீடுகளுக்கு அடியில்தான். இந்தப் பேட்டையில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கல் முழுக்கச் சிப்பியும் கிளிஞ்சலும். கடலோரத்தில் வெட்டிய அந்தக் கல்லைத்தான் பழைய காடிஸ் முழுக்க வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தெருமுனைகளில் பழைய பீரங்கிக் குழல்களைச் செங்குத்தாக நட்டிருப்பார்கள், வண்டிச் சக்கரம் சுவரை இடிக்காமலிருக்க. நம் ஊர்ச் சந்து முனையில் நடுகிற கல்லுக்குப் பதில் அவர்கள் பீரங்கியை நட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பேராலயம் கட்ட 1722இலிருந்து 1838 வரை ஆனது. நடுவில் காசு குறைந்து கல் மாறியது வெளியிலிருந்தே தெரியும். கோபுரத்தில் படிக்கட்டு கிடையாது, சரிவுப் பாதை. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தவீராவைவிட இதுதான் தோது. நிலவறையில் கை தட்டிப் பார்க்காமல் வராதீர்கள், எதிரொலி அப்படி. துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளில் காலை பத்துக்கு மேல் இங்கே கூட்டம் தாங்காது.

மாடமும் தோட்டமுமான மீனா சதுக்கத்தில் காடிஸ் அருங்காட்சியகம். 1887இல் ஆண் உருவத்தோடும் 1980இல் பெண் உருவத்தோடும் கிடைத்த இரண்டு ஃபினீசியக் கல் சவப்பெட்டிகளுக்காகவே போகலாம். நமக்குக் கட்டணம் ஒன்றரை யூரோ.

காற்றைப் பற்றித் தெரியாமல் திட்டம் போட்டால் ஒரு நாள் வீண். கிழக்கிலிருந்து அடிப்பது லெவாந்தே: சூடு, வறட்சி, கடற்கரையில் மணல் ஊசியாய்க் குத்தும். மேற்குக் காற்று பொனியெந்தே குளிர்ச்சி. லெவாந்தே வீசும் நாளில் லா கலேத்தா கடற்கரையையும் சாந்தா கத்தலீனா கோட்டையையும் தள்ளிவைத்து, குறுகிய சந்துகளிலும் காதிரிலும் அருங்காட்சியகத்திலும் இருங்கள். கோட்டைக்கு இலவசமாகப் போகலாம்; சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்னால் போனால் சரியாக இருக்கும்.

சாப்பாடு மதியம் ஒன்றரைக்கு மேல், ராத்திரி எட்டரைக்கு மேல். சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (இறைச்சி, மீன், ஹமோன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். பன்றித் தொடை ஹமோனை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காமல் கீரையில் தூவிவிடுவார்கள். மீன் சாப்பிடுபவர்கள் தொர்த்தியீத்தா தெ கமரோனெஸ் கேளுங்கள். கடலை மாவில் பொடி இறாலை முழுசாகப் போட்டு, முறுகலாகப் பொரித்த மெல்லிய அடை. ஒன்று ஒன்றாகச் சொல்லி வாங்குங்கள். ஆறினால் எண்ணெய் கசிந்து தொய்ந்துவிடும்.