பிள்ளையைச் சேர்க்கும் முன் மூன்று பள்ளிகளையாவது நேரில் பாருங்கள்

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள், அரசுப் பள்ளி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்களுக்கும் நேரம் கிடைக்கும், அதனால் முழு ஆண்டு விடுமுறை விடுவதற்குள் ரெண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

காலையிலேயே போங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு, பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் உப்புமா சூடாக இருக்கிறதா, எத்தனை பேர் நேரத்துக்கு வந்திருக்கிறார்கள், ஆசிரியர் வந்தாரா எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்து தண்ணீர். நம் கரையில் இதுதான் பெரிய விஷயம். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். பெண்பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். சரி, ரெண்டு பேர் ஐந்து வகுப்பை எப்படிப் பிரித்து நடத்துகிறார்கள்? தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்புறம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் தமிழ்ப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். கட்டடம் புதுசா பழசா என்பதைவிட எனக்கு அந்த நாலு வரிதான் முக்கியம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஓர் அம்மாவிடமும் பேசிவிடுங்கள், ஐப்பசி மழையில் வாசலில் தண்ணீர் நிற்குமா என்பது அவருக்குத்தான் தெரியும்.